விசாரிக்க வந்தவரிடம் நான் சொன்னது

நான் ஓய்வு பெற்ற நீதிமன்ற சிரஸ்தார், அதாவது தலைமை எழுத்தர். நெசவாளர்களுக்காக அரசோடு மோதிய காஞ்சிபுரம் வக்கீல் ஒருவரை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு மூத்த நீதிபதிகள் குழு பரிந்துரைத்திருந்தது. மத்திய அரசு ஓராண்டாக வாய் திறக்கவில்லை; சும்மா இருப்பதற்கு மட்டும் விதியே தேவையில்லை.

நரைத்த மீசைக்காரரான அந்த வக்கீல் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

"என்னைப் பத்தி விசாரிச்சிக்கினு யாராச்சும் வந்தாங்களா சார்?"

"நேத்து உளவுத்துறைக்காரர் ஒருத்தர் வந்தாரு வக்கீல் சார். எந்த அரசாங்கத்துக்கும் பயப்படாத ஆளுன்னு பெருமையா சொன்னேன்."

அவர் முகம் வெளிறியது. "அதையா சொன்னீங்க? போச்சு!"

பரிந்துரையை அரசு திருப்பி அனுப்பலாம், குழு மீண்டும் பரிந்துரைக்கலாம். சொன்ன பாராட்டைத் திரும்பப் பெறும் வழிமுறை எனக்குத் தெரியவில்லை. படியிறங்கியவர் யாராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் தெருவில் கால் வைத்தார். நான் சொன்னது பொய்ச்சாட்சியோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.