ஒற்றைச் சப்பாத்து

என்ன வேலை செய்கிறாய் என்று புலம்பெயர்ந்து வந்து மோர்னிங்சைட்டில் உள்ள சொந்தக்காரர் யாராவது கேட்டால், கஸ்பர் "புத்தகக் கொம்பனி" என்று முணுமுணுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். முழுப் பொய்யில்லை. யப்பானில் வெளியாகும் படக்கதை விளையாட்டுகளுக்கு உரிமம் வாங்கி, ஆங்கிலத்தில் வெளியிடும் சின்னக் கொம்பனி அது. திரையில் ஒரு படம் வரும், அடியில் இரண்டு வரி வரும். மவுசை அழுத்தி அழுத்தி நாவல் மாதிரி வாசித்துக்கொண்டு போகவேண்டும். கதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று வாசிக்கிறவர்தான் சொல்லவேண்டும். அட்டையில் குட்டைப் பாவாடையோடு பெரிய கண் பெட்டை ஒருத்தி நிற்பாள். அவளால்தான் கஸ்பருக்கு இந்த வெட்கம். உண்மையாக வெட்கப்படவேண்டிய காரியம் பிறகு வந்தது. அதற்கு அந்தப் பெட்டைமேல் பழி போட முடியாது.

மொழிபெயர்ப்பாளர் தருகிற மொட்டை ஆங்கிலத்தைப் பேச்சு மாதிரி ஆக்கிக் கொடுப்பது அவன் வேலை. ஒரு வரியை மாற்றினாலும் யப்பான்காரர் பார்த்துச் சம்மதிக்கவேண்டும். அதற்காகச் செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்குக் கணினியில் கூட்டம். அங்கே அப்போது காலை.

2009 ஏப்ரலில் அப்படியொரு செவ்வாய், ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்க, வன்னியிலிருந்து ஜெசிந்தா அக்கா அழைத்தாள். வரிசையில் நின்று, யாரோ ஒருவரின் செற்றலைற் போனில் எடுத்திருந்தாள்.

"தம்பி, விடியமுன்னம் அங்காலை, ஆமிப் பக்கம் போகப் போறம். சின்னவளின்ரை ஒரு சப்பாத்து பங்கருக்கை விடுபட்டுப் போச்சு. முள்ளுக்கம்பியளுக்கை வெறுங்காலோடை எப்பிடி நடப்பாள்? அத்தான் திரும்பிப் போய் எடுக்கட்டோ? நீங்கள் இன்டர்நெற்றிலை எல்லாம் பாக்கிறியள்தானே. நீ சொல்லு."

அந்த நாட்களில் அங்கே கிடந்தவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. எங்கே ஷெல் விழும், எந்தப் பாதை திறந்திருக்கும் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்தார்கள். கஸ்பருக்கு ஒரு இழவும் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். திரையில் மூன்று யப்பான்காரர் தலைகுனிந்து வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவன் போனின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பிறகு எடுப்பம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் போனுக்குத் திருப்பி எடுக்க முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மேயில், எரிகிற ஊரைவிட்டு ஒரு குடும்பம் ஓடுகிற அத்தியாயம் அவன் மேசைக்கு வந்தது. மொழிபெயர்ப்பில் "குழந்தை அழுதது" என்று மட்டும் இருந்தது. கஸ்பர் அந்த இடத்தில் ஒற்றைச் சப்பாத்தை வைத்தான். திரும்பிப் போய் எடுக்கட்டுமா என்று தாயை வாசிக்கிறவரிடம் கேட்க வைத்தான். போ என்றால் என்ன நடக்கும், வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று இரண்டு பக்கமும் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தான். மூலத்தை விட நன்றாயிருக்கிறது என்று யப்பானிலிருந்து பாராட்டு வந்தது. அன்று முழுக்க அவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யூனில், கடைசிப் பிரதி யப்பானுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, வவுனியா முகாமிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்டைக்கு லைன் வெட்டுப்பட்டுப் போச்சு, தம்பி. நீ திருப்பி எடுப்பாயெண்டு போன்காரனுக்குப் பக்கத்திலையே நிண்டனாங்கள். பிறகு அத்தான், நேரம் போகுது, ஒரு ஓட்டம் ஓடிப் போட்டு வாறன் எண்டிட்டுப் போனவர். வரேல்லை."

"சின்னவள்?"

"இருக்கிறாள். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தனான். லைன்தானே வெட்டுப்பட்டது, தம்பி?"

"ஓம் அக்கா. லைன் வெட்டுப்பட்டுப் போச்சு."

மறுநாள் கஸ்பர் முதலாளியிடம் போய் அந்தச் சப்பாத்து வரியை எடுத்துவிடச் சொன்னான். சென்னைக்காரர் ஆதித்யா, நல்ல மனிதர். "என்ன கஸ்பர், அந்த சீனையே அந்த ஒரு வரிதான் தூக்கி நிறுத்துது! சரி, காரணம் எழுதிக் கொடுங்க, அனுப்பிப் பார்க்கறேன்" என்றார்.

உண்மையை எழுதியிருந்தால் யப்பான்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்திருப்பார்கள். கஸ்பர் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் 'பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை' என்று அனுப்பினான். நன்றாகவே பொருந்துகிறது, இருக்கட்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அக்காவுக்குச் சொன்ன பொய்யோடு இதுவும் சேர்ந்தது.

கடைசிப் பிரதியைச் சரிபார்ப்பதும் அவன் வேலைதான். எரிகிற ஊர் வந்தது. தாய் கேட்டாள். கீழே இரண்டு பெட்டிகள்: போ, வேண்டாம். பதில் சொல்லும்வரை கதை நகராது. அவள் வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரமும் காத்துக்கொண்டு நிற்பாள்.

கஸ்பர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்தினான். அவன் பத்து நிமிடத்தில் எழுதிய பதில் திரையில் வந்தது.

சப்பாத்தை விடு. பிள்ளையைத் தூக்கு.