ஜெபக்கூட்டம் என்று எழுதிய ஞாயிறுகள்

எங்கள் ஆலயத்தில் ஆராதனைப் பதிவேடு ஒன்று உண்டு. திகதி, நடத்தியவர், வேதபாடம், வந்தவர் தொகை என்று நான்கு நிரல்கள். சபைச் செயலாளராகப் பதினாறு வருடங்களாக அதை நான்தான் எழுதி வருகிறேன். ஆராதனை முடிந்து ஆட்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எழுதி முடித்துவிடுவேன். கல்முனையில் அரச அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு வேலை செய்கிறவள் நான். எதையும் மறுநாளைக்கு விட்டு எழுதுவது எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்த பிறகு என் நாட்குறிப்பிலும் எழுதுவேன். அதில் நிரல்கள் இல்லை.

பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் போதகரால் வர முடியாமல் போயிற்று. அவர் மட்டக்களப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். முதல் வாரம் ஆலயத்தைத் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் முப்பத்தெட்டுப் பேர் வந்து வாசலில் நின்றார்கள். ஆலயக் காரியங்களைப் பார்க்கும் உக்கிராணக்காரர்கள் நான்கு பேரும் அங்கேதான் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். ஆராதனையை யார் நடத்துவது என்றபோது ஒருவருக்குத் தொண்டை அடைத்திருந்தது. ஒருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் நடத்துறன்" என்றார் மிஸி அக்கா.

அவர் குடும்பநல மருத்துவமாது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அவர் படியேறாத வீடு குறைவு. ஊரே அவரை மிஸி என்றுதான் அழைக்கும்.

"நடத்து. ஆனா மேல ஏறாத பிள்ள" என்றார் உக்கிராணக்காரர்களில் மூத்தவர். அவரை நாங்கள் மாமா என்போம். "கீழ நிண்டு செய்."

"எங்க நிண்டாலும் கேக்கும் மாமா. கிளினிக்கில கத்திப் பழகின தொண்டை."

பிரசங்கபீடத்துக்கு மூன்று படிகள். அவர் அவற்றில் ஏறவில்லை. ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில் நின்று நடத்தினார்.

முடிந்ததும் மாமா என் மேசைக்கு வந்தார். "மகள், ஆராதனை எண்டு எழுதாத. பொம்புளை நடத்தினா அது ஜெபக்கூட்டம். மேலிடத்தில இருந்து பாத்தா ஆர் அனுமதி குடுத்த எண்டு கேள்வி வரும்."

"நடத்தினவர் எண்டதில என்னத்த எழுதுற?"

"சபையார் எண்டு எழுது."

எழுதினேன். அதற்குப் பிறகு வந்த பத்து ஞாயிறுகளிலும் யாரும் சொல்லாமலே அப்படியே எழுதினேன். பதினொரு வரிகள், ஒரே கையெழுத்து. பிறகு போதகர் வரத் தொடங்கினார். பதிவேடு பழையபடி ஆயிற்று.

சென்ற வருடம் புதிதாக வந்த போதகர், மிஸி அக்காவைச் சபைப் பிரசங்கியாராக்க வேண்டுமென்று வட்டாரக் கூட்டத்துக்கு எழுதினார். அந்த அனுமதி கிடைத்தவர் வட்டாரத்தின் எந்த ஆலயத்திலும் ஆராதனை நடத்தலாம். பிரசங்கபீடத்தில் ஏறலாம். எங்கள் வட்டாரத்தில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஆறு ஆராதனைகளாவது நடத்தியிருக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் புதிதாக எடுப்பதில்லை. அக்காவுக்கு அறுபது நிறைய இரண்டு மாதங்கள் இருந்தன. இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்தது மூன்று மாதங்களுக்குப் பிறகுதான்.

கூட்டம் எங்கள் ஆலய மண்டபத்திலேயே நடந்தது. வட்டாரத்தின் தலைமைப் போதகர் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். அவர் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"ஜெபக்கூட்டம். ஜெபக்கூட்டம். நடத்தினது சபையார். இதில இவங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்லையே?"

"ஜெபம் பண்ணினவதான் ஐயா" என்றார் மாமா. "அத இல்லையெண்டு நாங்க சொல்லல்ல."

மிஸி அக்கா என்னைப் பார்த்தார். நான் பேனையின் மூடியைப் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

தலைமைப் போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பக்கத்துப் பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. அது முடியும்வரை எங்கள் வழக்கப்படி பேசாமல் இருந்தோம். பிறகு அவர் சொன்னார்: "சாப்பிட்டு வந்து முடிவெடுப்பம். பதிவு இல்லாட்டி எனக்கு வேற வழி இல்ல."

நான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு நடந்து போய், அலுமாரியில் வருட வரிசைப்படி இருந்த நாட்குறிப்புக் கொப்பிகளில் அந்த வருடத்துக் கொப்பியை எடுத்தேன். முதல் ஞாயிற்றின் பக்கத்தில் இப்படி இருந்தது: "மிஸி அக்கா நடத்தினார். இருபத்திரண்டு நிமிடம் பேசினார். புயலில் அகப்பட்ட படகைப் பற்றி. குரல் நடுங்கியது. ஒரு பெண் முன்னால் நின்று ஆசீர்வாதம் கூறியது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் தலை குனிந்தது பக்தியால் அல்ல. மாமா சொன்னபடி ஜெபக்கூட்டம் என்று எழுதினேன். அதுவே சரி."

அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வாசிக்கலாமா என்று யோசித்தேன். மற்றப் பக்கங்களில் பாடமும் பேசிய விடயமும் நேரமும் இருந்தன, என்னைப் பற்றி எதுவும் இல்லை. ஆறுக்கு அவை போதும்.

நேரம் போய்விட்டதால் சந்தியில் ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநர் சாய்ந்தமருதுக்காரர்.

"மிஸிட சேர்ச்சுக்கா போறீங்க?" என்று கேட்டார். "எங்கட மூணு புள்ளையையும் நிறுத்துப் பாத்தவ அவதான். பெற்றோல் லைன்ல நாங்க நிக்கக்குள்ள ஞாயித்துக்கிழமையில வெள்ளச் சாரியோட சைக்கிள்ல போவா. நான் நெனச்ச அவதான் உங்கட பாதிரியம்மா எண்டு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "அந்த நேரத்தில ஓம்" என்றேன்.

மண்டபத்தில் தலைமைப் போதகர் கொப்பியைக் கையில் வாங்கவில்லை. "உங்கட சொந்தக் கொப்பி. நீங்களே வாசிங்க" என்றார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு சொல்லும் விடவில்லை. "அதுவே சரி" என்ற இடத்தில் என் குரலும் நடுங்கியது. மிஸி அக்கா மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னா நீ எழுதுறதா மகள்? பேனை உன்ட கையிலதானே இருந்த."

"ஓம் மாமா. என்ட கையிலதான் இருந்த."

நான் மற்றப் பக்கங்களையும் வாசித்து முடித்தேன். வரிகளைத் திருத்தும்படி தலைமைப் போதகர் சொன்னார். அலுவலகத்தில் செய்வது போலவே செய்தேன்: பழைய எழுத்துத் தெரியும்படி ஒரே ஒரு கோடு, மேலே ஆராதனை என்ற சொல்லும் அக்காவின் பெயரும், ஓரத்தில் என் சிறு கையொப்பமும் அன்றைய திகதியும். பத்து வரிகள் திருத்திவிட்டுப் பேனையை வைத்தேன்.

"இன்னொண்டு இருக்கே?" என்றார் அவர்.

"அண்டைக்கு நான் வரல்ல ஐயா. சமையல் காஸ் வரிசையில நிண்ட. அடுத்த நாள் ஆக்களைக் கேட்டு எழுதினது. நான் காணாததுக்கு ஒப்பம் வைக்க ஏலாது."

"அப்ப அத விடுங்க. பத்து காணும்."

ஆதரிப்பவர்களைக் கைகளை உயர்த்தச் சொன்னார். மாமா உயர்த்தவில்லை. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோதும் உயர்த்தவில்லை. என் பக்கம் குனிந்து, "எதிர்ப்பு இல்லை எண்டு எழுது" என்றார். "நான் சொன்ன எண்டு எழுதிப்போடாத." யாரோ சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு ஞாயிறுகள் அக்காவின் பெயருக்கு ஒதுக்கப்பட்டன.

எல்லோரும் போன பிறகு அக்கா பின்பக்கக் குழாயடியில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சற்று முன்னர்தான் பிரசங்கியாரானவர். நான் பக்கத்தில் போய் நின்று கழுவியவற்றை வாங்கிக் கவிழ்த்தேன்.

"அக்கா, அந்தக் கொப்பியில எழுதினது..."

"குரல் நடுங்கினதுதானே. உண்மை. அத வெட்டாத."

"அதச் சொல்லல்ல. மற்றத."

அவர் இன்னும் இரண்டு கோப்பைகளைக் கழுவினார்.

"அண்டைக்கு ஆசீர்வாதம் சொல்லக்குள்ள உன்ட முகத்தப் பாத்த நான்" என்றார். "விளங்கினதுதான். அதாலதான் அடுத்த கிழமை இன்னும் சத்தமாச் சொன்ன."

கடைசிக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"ஆனா ஒண்டு பிள்ள. நீ காஸுக்கு நிண்ட ஞாயிறு இருக்கே, அண்டைக்குத்தான் நான் வடிவாப் பேசின. நடுக்கமும் இல்ல."

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குழாயடியில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். பத்தொன்பது நிமிடம் பேசினார். அன்று மாலை அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன், கேட்ட இடத்தையும் கேட்ட திகதியையும் குறித்து. பதிவேட்டில் அந்த ஒரு வரி இன்னும் ஜெபக்கூட்டம் என்றே இருக்கிறது.