நடை சாத்தியிருந்த மத்தியானம்

யுத்தம் ஆரம்பிச்ச வருசம், ஐப்பசி மாசமுங்க. என் மக பாவாயிக்கு அப்ப ஆறு வயசு. நாலு நாள் காய்ச்சல் அடிச்சுது. அஞ்சாம் நாள் காய்ச்சல் எறங்குச்சு, ரெண்டு காலும் வெளங்காமப் போச்சு. சேலத்து ஆசுபத்திரியில கையை விரிச்சுட்டாங்க. ராசிபுரத்து வைத்தியர் எண்ணெய் குடுத்தார். ரெண்டு வருசம் தேய்ச்சேன். கால் குச்சியாட்டம் சூம்பிப் போனதுதான் மிச்சம்.

களை வெட்டப் போனாலும் சந்தைக்குப் போனாலும், "புள்ளைக்கு நடை வந்துருச்சுங்களா?"ன்னு கேப்பாங்க. நல்ல மனசோடதான் கேப்பாங்க. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகாமப் போச்சு. எங்க ஊட்டுக்காரர் பேசறதையே உட்டுட்டார்.

மூணாம் வருசம், ஒரு சித்திரை வெள்ளிக்கிழமை. மாரியம்மனைக் கடைசியா ஒருக்காப் பார்த்துட்டு, ரெண்டு பேரும் போய்ச் சேந்துரலாம்னு புள்ளையை இடுப்புல தூக்கிட்டுக் கெளம்பினேன். அவகிட்டச் சொல்லல. உச்சி வெயில். நாங்க போறதுக்குள்ள பூசாரி பூட்டிட்டு எறங்கறார்.

"நடை சாத்தியாச்சுங்கம்மா."

அங்கயே உக்காந்துட்டேன். "எம்புள்ள நடையையும் சாத்திட்ட, உன் நடையையும் சாத்திட்டயா தாயி!"ன்னு கதவைப் பார்த்துக் கத்தினேன்.

பாவாயி என் மூஞ்சியைத் தொடச்சா. பூசாரியைப் பார்த்து, "ஏனுங்க, நடை எப்பங்க தெறக்கும்?"னு கேட்டா. அவ கேட்டது அவ நடையைங்க. அவருக்கு அது தெரியல.

"சாயங்காலம் தெறந்துரும் சாமி. இருந்து பார்த்துட்டே போ."

"இருக்கலாம்மா"ன்னா.

இருந்தோம். கதவு தெறந்துச்சு, கற்பூரம் காட்டினார். ஒண்ணும் நடக்கல. புள்ள தன் காலைத் தொட்டுப் பார்த்துட்டு, "நாளைக்கும் வரலாம்மா"ன்னா. அதைக் கேட்டப்புறம் நான் எப்படிங்க சாவேன்? ஊட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்.

நித்தமும் போனோம். கோயில் படியில உக்காந்து காலை இழுத்து இழுத்துப் பார்ப்பா. வலியில அழுவா. நானும் கூட அழுவேன். அடுத்த பங்குனியில தூணைப் புடிச்சுட்டு எந்திரிச்சா. நாலு எட்டு வெச்சா. அதைப் பார்க்க அவங்கப்பா இல்ல. தை மாசமே தவறிப் போய்ட்டார்.

வலது கால் இன்னும் வரல. கம்பை ஊனி இழுத்துத்தான் நடக்கறா. கேட்டது முழுசும் ஆத்தா குடுக்கல. ஆனா அன்னிக்கு எங்களைப் போக உடாம உக்கார வெச்சா. அதுக்குத்தான் தெனமும் கும்பிடறேன். மனசொடிஞ்சு யாராச்சும் இந்தக் கோயிலுக்கு வந்திருந்தா, தனியாப் போயிராதீங்க. எம்பக்கத்துல வந்து உக்காருங்க. ரெண்டு பேருமாக் கேப்போம்.