அரை மணிக்கு ஒரு தூக்கு

சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு நொறுங்கிய பிறகும் அந்தப் பெயிண்டரை எல்லாரும் 'ஏணி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்து, சக்கர நாற்காலியில் ஏற, இறங்க, ஓட்டப் பழகி வீடு திரும்பினார். பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் வேலையும் கிடைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதனால் ஒரே இடம் அழுந்திப் புண் வராமலிருக்க, அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். சாயங்காலம் கண்ணாடி பிடித்துப் பின்பக்கம் பார்க்க வேண்டும். மையத்தில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மனுஷன் கலர் டப்பாவைத் திறந்தால் உலகமே மறந்துவிடும். தன் வீட்டுப் பழைய சுவரின் சாம்பல் நிறம் அப்படியே வேண்டுமென்று ஒருவர் அடம்பிடிக்க, ஒன்பது நாள் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பைத் தூக்கவே இல்லை. மனைவி கண்ணாடியை எடுத்தால், "கடையிலயே பாத்தாச்சு" என்று புளுகினார். பத்தாம் நாள், துவைக்கப் போட்ட பேன்ட்டில் இருந்த கறை அவளிடம் போட்டுக்கொடுத்துவிட்டது.

மறுபடியும், சாரத்திலிருந்து விழுந்தபோது சேர்த்த அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. ஏணி குப்புறக் கிடந்தார். படுக்கைப்புண் எலும்பைத் தொட்டிருந்தால் ஆபரேஷன், மாசக்கணக்கில் படுக்கை. பழகியதெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"கடையில யாரு பாத்தா? முதலாளியா கண்ணாடி பிடிச்சாரு?" என்றாள் மனைவி.

"திட்டுறதுதான் திட்டுற, முன்னாடி வந்து நின்னு திட்டு. கழுத்து வலிக்குது."

"வலிக்கிற எடமாவது ஒண்ணு மிச்சம் இருக்கே! சரி, கலர் சேந்துச்சா?"

"அச்சு அசல்."

"ரொம்பப் பெருமைதான்."

கொஞ்ச நேரம் கழித்து, தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி கேட்டார்: "எலும்பத் தொட்டிருக்குமாடி?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தோடு வந்தார். "தொடல. மயிரிழையில தப்பிச்சீங்க. மூணு வாரம் இப்படியே படுத்திருங்க, ஆறிடும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

"அழறியா?"

"ஜலதோஷம். வாய மூடிட்டுப் படுங்க."

புண் ஆறி, கடைக்குப் போன முதல் நாள். சரியாக அரை மணியில் ஏணியின் போன் அலறியது. மணியோசை இல்லை, அவள் பதிவுசெய்து வைத்த குரல்: "யோவ் ஏணி! கைய ஊனு! தூக்கு!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஏணி தூக்கினார். ஒரு வாரத்தில், கல்லாவில் இருந்த முதலாளியும் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் ஒருதரம் எழுந்து உட்கார்ந்தார்.