கடல் பாடத்தில் வாங்கிய முட்டை

சில வருடங்களுக்கு முன் திருவொற்றியூரில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனது. விம்கோ நகரில் வாடகைக்கு வந்த பிறகும் ஒரே கேள்வி என்னைக் குடைந்தது. சின்ன வயதில் அவ்வளவு தள்ளி இருந்த கடல் எங்கள் வாசல்வரை ஏன் வந்தது? நான் கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவள். பட்டப்படிப்பில் சேராமலே ஒரு பாடத்துக்கு மட்டும் ஃபீஸ் கட்டிப் படிக்கலாம் என்று ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் சொன்னார்கள். கடற்கரை பற்றிய பாடத்தை எடுத்தேன்.

என் கணவர் சிரித்தார். “டிகிரியும் கெடையாது, சம்பளமும் ஏறாது. இன்னாத்துக்கும்மே இந்த பேஜாரு?”

சாயங்கால வகுப்பு. பாடம் நடத்திய மேடம் என்னைவிடச் சின்னவர். வீடு போன விஷயம் தெரிந்ததும் கூடப் படித்த பிள்ளைகளுக்கு என்மேல் ஒரே இரக்கம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பரீட்சை எனக்குக் கட்டாயமில்லை. நான்தான் அடம்பிடித்து எழுதினேன். கடல் ஏன் கரையை அரிக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. நமக்குத் தெரியாததா என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அலை ஏறியது, பீரோ மிதந்தது, சுவர் சரிந்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம். மேடம் அதற்கு முட்டை போட்டிருந்தார். மொத்தத்தில் ஃபெயில்.

தாங்க முடியாமல் கேட்டே விட்டேன். “எங்க வூடே பூட்ச்சு மேடம். கடலப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“என்ன நடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க அக்கா. ஏன் நடந்துச்சுன்னுதான் நான் கேட்டேன். அதைத் தெரிஞ்சுக்கத்தானே வந்தீங்க?” என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். அழுதுகொண்டேதான் வந்தேன். ஆத்திரம் தணிந்த பிறகு பாடத்தை முதலிலிருந்து படித்தேன்.

மறுபடி எழுதியபோது ஒரு படம் போட்டேன். கரையோரமாகத் தெற்கேயிருந்து வடக்கே நகரும் மணல், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டி அந்த மணலை மறிக்கும் கல்சுவர், அதற்கு வடக்கே மணல் வந்து சேராமல் தேயும் கரை. எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். இத்தனை நாளும் அதை எங்கள் தலையெழுத்து என்றல்லவா நினைத்திருந்தேன்!

பாஸ் ஆனேன். மாட்டிவைக்கப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீடு போனபோது ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல ஊரே இருந்தது; என்னால் புரிந்துகொள்ள முடியும் என்று நம்பி முட்டை போட அந்த ஒருவர்தான் இருந்தார்.