என் மகள் கேட்ட டி.சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வி அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் நான். எந்த விண்ணப்பத்திலும் குறை கண்டுபிடித்துவிடுவேன்.

எண்பதுகளின் கடைசியில், மூன்றாம் வகுப்பை இரண்டாம் முறை படித்தும் எழுத்துக்கூட்ட வராமல் தினமும் அழுத என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே, ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால், முறைப்படி பாடம் தொடங்கினேன். வருகைப் பதிவேடு உண்டு, மணி உண்டு. என்னை அவள் "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டு மாதமாகியும் அவளால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

ஒருநாள் காலையில் வந்து நின்றாள்.

"சார், எனக்கு டி.சி. வேணும்."

"எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறே?"

"அம்மாட்ட. அம்மா மணி அடிக்க மாட்டா."

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள். "கேட்டா குடுக்க வேண்டியதுதான? இழுத்தடிக்க இது என்ன உங்க ஆபீஸா?"

தாளை எடுத்தேன். மாணவியின் நடத்தை: நன்று. விலகும் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்துவிட்டு, "வாத்தியார் சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அதை வாங்கி விரலை வைத்து நகர்த்தினாள். "வாத்... தி... யார்... சரி... யில்லை." பிறகு சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடி, அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினாள்.

பின்னால் அவள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதியபோது, விண்ணப்பம் நிரப்பியது மட்டுமே என் பங்கு. நான் கையெழுத்திட்ட எத்தனையோ சான்றிதழ்களில், முழு உண்மை இருந்தது அந்த டி.சி.யில்தான்.