கடைசிக் கட்டத்தில் வரைந்த தங்கக் காசு

நான் ஒரு பெண்ணை ஏமாற்றினேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டி முடித்துவிட்டார்கள்.

படிப்பை முடித்த கையோடு, ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஓர் இணையச் செயலியை உருவாக்கினேன். பணத்தைக் கையாளக் கற்றுத்தரும் செயலி. வட்டி, காப்பீடு, சேமிப்பு, மோசடித் திட்டங்களை இனம்காண்பது எப்படி... ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்விகள். சரியான விடைக்குப் புள்ளிகள். காட்டூரில் ஒரு தையல் கூடத்துப் பெண்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் வாரம் ஆர்வமாக இருந்தார்கள். அடுத்த வாரம் ஒருவரும் திறக்கவில்லை.

வெறும் புள்ளியை வைத்துக்கொண்டு அவர்கள்தாம் என்ன செய்வார்கள்!

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நம் ஊரில் நகைச்சீட்டுப் போடாத பெண் உண்டா? மாதாமாதம் கடையில் பணம் கட்டி, அட்டையில் கட்டம் கட்டமாக முத்திரை வாங்கி, கடைசித் தவணையைக் கடையே போட, தங்கமாகக் கொண்டுவருவார்கள். அதே அட்டையைத் திரையில் வரைந்தேன். அதே ரோஸ் நிறம்! பாடம் முடித்தால் ஒரு கட்டம் நிறையும். கடைசிக் கட்டத்தில் மினுமினுக்கும் ஒரு தங்கக் காசு.

அது படம் மட்டுமே என்று அங்கே எழுதவில்லை. மறந்துவிட்டேனா? இல்லை... எழுதினேன். பிறகு அழித்தேன்.

செயலி பற்றிக்கொண்டது. டீ இடைவேளையில் எல்லார் கையிலும் போன். அவர்களில் மல்லிகா அக்காதான் எப்போதும் முதலிடம்.

"ஏண்டி மல்லிகா, கட்டுன புருஷனக்கூட நீ இப்படிக் கண்ணு கொட்டாமப் பாத்ததில்லையே!" என்று பக்கத்து மெஷினில் இருந்தவள் சீண்டினாள்.

"அவரு என்னைக்குடி எனக்குத் தங்கம் குடுத்தாரு?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே புரிந்துகொண்டேன்... இவர் அந்தக் காசை நிஜமென்று நம்புகிறார்!

அன்றே சொல்லியிருக்கலாம் அல்லவா? நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

இளைஞர்களின் கண்டுபிடிப்புகளுக்காக ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். போட்டிக்கு முந்தின நாள், படம் எடுப்பதற்காகத் தையல் கூடத்துக்குப் போனேன். மல்லிகா அக்கா என்னைத் தனியே அழைத்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"தம்பி, நகைக்கடைச் சீட்டப் பாதியில நிறுத்திட்டேன். ரெண்டு எடத்துல எதுக்கு? அந்தப் பணத்த பாப்பா ஸ்கூலுக்குக் கட்டிட்டேன். அவ காதுகுத்துக்கு உங்க காச மாத்தித் தோடு எடுத்துக்கலாம்ல?"

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால், சொன்னால் என்ன ஆகும்? நாளை ஒருவரும் செயலியைத் திறக்க மாட்டார்கள். நடுவர்களுக்குக் காட்ட வைத்திருந்த, ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோடு... சரிந்துவிடுமே!

"மொதல்ல எல்லாப் பாடத்தையும் முடிங்கக்கா. பாப்போம்."

பாப்போம்! பொய் சொல்லவில்லையே, பொய் சொல்லவில்லையே என்று காவிரிப் பாலம் தாண்டும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

மறுநாள் மேடையில் முழங்கினேன்: "இந்தப் பெண்களை இனி எந்தப் போலித் திட்டமும் ஏமாற்ற முடியாது!" மோசடிப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவர் என்று மல்லிகா அக்காவின் படத்தைப் பெரிய திரையில் காட்டினேன். கைதட்டல். முதல் பரிசு.

அவர் கடைசிக் கட்டத்தை எட்டினார். திரையில் வண்ணக் காகிதங்கள் பொழிந்தன. 'வாழ்த்துகள்!' என்று வந்தது. அவ்வளவுதான். சில நாள் காத்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கி என்னைப் போனில் அழைத்தார்.

"அது சும்மா படம்க்கா... ஒரு உற்சாகத்துக்கு."

மறுமுனையில் தையல் மெஷின்களின் ஓசைக்கு நடுவே அவர் குரல்: "அப்படியா தம்பி... சரி தம்பி."

ஒரு வசைகூட இல்லை! காதுகுத்துக்கும் என்னை மறக்காமல் அழைத்தார். பரிசுப் பணத்தில் ஒரு சோடி தங்கத் தோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சமயபுரம் போனேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைக்குக் கவரிங் தோடு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போன்ல தங்கம் காய்க்கும்னு கட்டுன சீட்ட நிறுத்துனா பாரு, எம் மருமக! இப்படியொரு புத்திசாலிய எங்க தேடுறது?" என்றார் அக்காவின் மாமியார். உறவுக்கூட்டம் சிரித்தது.

மல்லிகா அக்கா தலைநிமிரவில்லை. "தம்பி நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாரு அத்தை. எனக்குத்தான் மண்டையில ஏறல."

அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை! எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவரைத் தனியே அழைத்துத் தோட்டை நீட்டினேன். பதறிப் பின்வாங்கினார்.

"ஐயோ, வேணாம் தம்பி! நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?"

வாயில் வந்த உபசாரம் அல்ல அது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்காக நின்றார்... உண்மையாகவே நின்றார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "சும்மா, பாப்பாவுக்கு ஆசையா..."

நம்பினார். இன்றும் நம்புகிறார்.